புதன்கிழமை அடி

டீ நல்லாத்தான் இருந்தது. பெக் கொண்டுவாற டீ என்னைக்கு நல்லா இல்லாம இருந்துச்சு, நாங்க அயர்லாந்துக்கு வந்து இந்தச் சின்ன ஊர்ல வீடு எடுத்த நாள்லேருந்து அவதான் பக்கத்து வீடு, ஊர் கிளப்புல டீ போடுதவளும் அவதான், எனக்க மவன் ஜெரோம், ஊருக்கு ஜெர், ஆடுத ஒவ்வொரு ஹர்லிங் ஆட்டத்துக்கும் அந்தப் பெரிய ஃப்ளாஸ்க்கைத் தூக்கிட்டு எங்க கூடவே வந்து உக்காந்துருவா. முதல் பாதி முடிஞ்சு பயலுவ உள்ள போனதும் மூடியில ஊத்தி, நான் சொல்லாமலே சீனியைக் கூடப் போட்டு என் கையில தந்தா. தந்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முட்டை சான்ட்விச்சைக் கடிச்சுக்கிட்டே, "டெல்ஃபின், ஒனக்க மவன் இரும்புதான் போ, புதன்கிழமை அந்த அடி வாங்கினவன் இன்னைக்கு இப்பிடி ஆடுதானே"ங்கா. அவ பேசினது இங்கிலீசு, எனக்குள்ள விழும்போது எல்லாம் தமிழா, கடலோரம் நான் பொறந்த கடப்புறத்துப் பேச்சாத்தான் விழும், அதனாலயோ என்னவோ அம்மைக்க குரல் மாதிரி இருந்துச்சு. "எந்த அடி?"ன்னேன். கடிச்சது அவ வாயிலயே நின்னுட்டுது. "ஒன்கிட்ட சொல்லலியா அவன்?" எப்பிடிச் சொல்லுவான், சொன்னா நான் விடுவேனா? குனிஞ்சு என் காதுகிட்ட வந்து சொல்லுதா, புதன்கிழமை சாயங்காலம் ஊர் கிளப்புல பயிற்சி ஆட்டமாம், ஒரு ஆள் குறைஞ்சுதாம், ஜெர் வந்து நின்னுட்டானாம், உயர வந்த பந்துக்கு ரெண்டு பேரு சாடினதுல மத்தவன் முட்டி இவன் காதுக்கு மேல இடிச்சிட்டுதாம். "கொஞ்ச நேரம் கண்ணே தொறக்கல. பொறவு எழும்பிச் சிரிச்சான், அவனுக்க சிரிப்பு ஒனக்குத் தெரியாதா?" எல்லாரும் சத்தியம் பண்ணின மாதிரி வாயை மூடிட்டாங்களாம். ஏன்னா இன்னைக்கு மாதிரி பெரிய ஆட்டம் நெருங்கிட்டா மாவட்டத்துக்கு ஆடுத கவுண்டி டீம்ல இருக்கிறவன் சொந்த ஊர் கிளப்புக்குன்னு மட்டையைத் தொடக்கூடாது, மேனேஜர் கண்டிசனாச் சொல்லிருக்காரு, தொட்டது தெரிஞ்சா டீமை விட்டுத் தூக்கிருவாரு. "நீயும் வாயத் தொறக்காதே, என்ன?"ன்னு என் தொடையில தட்டுதா பெக். நான் அந்தப் பக்கம் திரும்பி எனக்க வீட்டுக்காரரைப் பாக்கேன். ராயப்பன், ஆஸ்பத்திரி அடுக்களையில ஆயிரம் பேருக்குச் சமைச்சாலும் பதறாத மனுசன், காலி மைதானத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு, அங்கன புல்லைத் தவிர ஒண்ணும் இல்ல, அந்தப் புல்லை இந்தப் பார்வை பாக்காரு. "ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னேன். புல்லை விட்டுக் கண்ணை எடுக்கல. "தெரியுமான்னு கேக்கேன்." "அவன் சொல்லாதேன்னான்"ங்காரு. எனக்க கையில டீ ஆறிப் போச்சு.

வந்துட்டானுவ. கூட்டம் எழும்பி நிக்கி, நானும் நிக்கேன், பதினைஞ்சாம் நம்பர் எங்க, எங்க, அங்க, ஹெல்மெட்டு வாரை இழுத்துக்கிட்டு ஓடி வாறான், நல்லாத்தானே ஓடுதான், கால் ரெண்டும் நேராத்தான் போகுது, ஒண்ணும் இருக்காது மாதாவே, ஒண்ணும் இருக்கப்பிடாது. அவனுக்க இடம் இடது மூலை, எதிராளி கோலுக்குப் பக்கத்துல நின்னு கிடைக்கிறதைக் கொத்தி எடுக்குறது அவன் வேலை. பாதி ஆட்டம் முடிஞ்சா ரெண்டு டீமும் பக்கம் மாறணும், இது சின்னப்புள்ளைக்கும் தெரியும். இவன் நேரா முதல் பாதியில நின்ன அதே மூலைக்குப் போறான். போய் நின்னுட்டான். எங்க கோல்கீப்பர், நம்ம ஆளு, அவனைப் பாத்து ரெண்டு கையையும் விரிக்கான். இன்னொருத்தன் ஓடிவந்து தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்டு எதையோ சொல்லுதான், இவன் சிரிக்கான், ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்குது, பெக் கூடச் சிரிச்சிட்டா, ராயப்பன்கூட உதட்டைக் கோணுதாரு. நான் சிரிக்கல. தலையில அடிபட்டவங்க படுக்குற வார்டுல நர்சாத்தான் எனக்க பாதி ஆயுசு போச்சு, இந்தச் சிரிப்பை நான் எத்தனை கட்டில்ல பாத்திருக்கேன், எங்க நிக்கோம்னு தெரியாதவன் அதை மறைக்கச் சிரிக்கிற சிரிப்பு. புதன்கிழமை ராத்திரி வந்தான், அயலக் கொழம்பு ஊத்திச் சோறு போட்டேன், ரெண்டு வாய் தின்னுட்டு எழும்பிப் போய் வாஷ்பேசின்ல எல்லாத்தையும் கக்கினான். "மீன் பழசும்மா"ன்னான். நானும் நம்பி, அந்த மீன்காரனை வாய்க்கு வந்தபடி ஏசி, கொழம்பைச் சட்டியோட கொட்டினேன், நல்ல மீன், கண்ணு மினுங்கிக்கிட்டு இருந்த மீன். மறுநாள் அடுக்களை லைட்டை அணைக்கச் சொன்னான், கண்ணு கூசுதாம். ராத்திரி பூரா போனை நோண்டினா கூசத்தானே செய்யும்னு அதுக்கும் ஒரு ஏச்சு. ஊரான் வீட்டுப் பிள்ளைன்னா கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்திருப்பேன், எனக்க பிள்ளைன்னா மீன்காரனை ஏசுதேன். பந்தைப் போட்டாச்சு. மட்டையும் மட்டையும் மோதுத சத்தம். ஒவ்வொரு சத்தமும் எனக்க பல்லுல கேக்குது.

மொத மட்டையைக் கொண்டுவந்து தந்தவன் டோனல், பஸ் ஓட்டுதவன், ஊர் கிளப்புல சின்னப் பயலுவளுக்குக் கோச்சு. ஜெரோம் ஒண்ணாங் கிளாஸ் போக ஆரம்பிச்ச நேரம், வாசல்ல வந்து நின்னு, பையனைச் சொவத்தோட சாய்ச்சு நிறுத்தி, இடுப்பு எலும்புக்கு மட்டை எட்டுதான்னு தையக்காரன் மாதிரி அளந்து பாத்தான். "ஹாக்கியா?"ன்னு ராயப்பன் கேட்டதுக்கு அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே, கோயில்ல போய் இது என்ன கடைன்னு கேட்ட மாதிரி. "ஹர்லிங்"ன்னான். என்ன ஹர்லிங்கோ, என்ன எளவோ, கம்புச் சண்டைக்கும் பந்தாட்டத்துக்கும் பொறந்த பிள்ளை மாதிரி ஒண்ணு, பந்தைக் கையில பிடிக்கான், மட்டை நுனியில வச்சுக்கிட்டு ஓடுதான், தலை உயரத்துல வீசுதான், கல்லு மாதிரி பந்து அந்தக் கோடிக்குப் பறக்குது. சம்பளம் உண்டான்னு ராயப்பன் கேட்டாரு, கிடையாது, கவுண்டிக்கு ஆடினாலும் கிடையாது, திங்கக்கிழமை வேலைக்குப் போயிரணும். வேற ஊர் கிளப்பு ஆளைக் கூப்பிட்டாப் போக முடியுமா, அதுவும் கிடையாது, எந்தக் கோயில் பங்குல வளந்தியோ அந்தப் பங்குக்குத்தான் ஆடணும், சாகுறவரைக்கும் அந்தச் சட்டைதான். எனக்கு அது புதுசு இல்ல, எங்க கடப்புறத்துலயும் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு புட்பால் டீம், ஒவ்வொரு திருநாளுக்கும் ஒரு கப்பு. இதுலேருந்து தப்பிச்சுதானே கடல் தாண்டி வந்தேன், இங்கயும் வாசல்ல வந்து நிக்கி. வேண்டாம்னேன். யாரு கேட்டா? பயலுக்குக் கை ஓடிச்சு. எட்டு வயசுக்குள்ள டீம், பொறவு பத்து, பன்னெண்டு, மழையில, சகதியில, ஐஸ் மாதிரிக் காத்துல, நான் கோட்டுக்கு வெளிய குடையோட நிப்பேன், இவன் கன்னம் ரெண்டும் செவந்து போய் ஓடுவான். கிளப்பு பெரிய டீமுக்கு ஆடினான், ஊருக்குக் கப்பு வந்துச்சு, சாமியார் பூசையில இவன் பேரைச் சொன்னாரு. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, எல்லா ஊரு கிளப்புலேருந்தும் பொறுக்கி எடுத்த பயலுவ, அதுக்கும் கூப்பிட்டாங்க, மொத வருசம் பெஞ்சு, போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தான், அடுத்த வருசம் கடைசிக் கொஞ்ச நேரம், இந்தக் கோடையில பதினைஞ்சாம் நம்பர், எதிராளி தப்புக்குக் கிடைக்கிற ஃப்ரீ அடி எல்லாம் இவன்தான் அடிக்கணும். ரேடியோக்காரன் ஜெரோம் ராயப்பன்ங்கிற பேரைப் படுத்துத பாட்டைக் கேட்டு நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். கடையில சாமான் வாங்கப் போனா, நீங்க எங்கேருந்து வந்திருக்கியன்னு கேக்குதது நின்னு போச்சு, ஜெருக்க அம்மாதானேங்காங்க. போன வருசம் எவனோ ஒரு சவத்துப்பய கூட்டத்துலேருந்து எனக்க மவன் தோலைச் சொல்லிக் கத்தினான், பெக் திரும்பிப் பாக்கக்கூட இல்ல, ஃப்ளாஸ்க்கோட சுடு டீயை அவன் மடியில கவுத்துட்டா. அந்தப் பெக்தான் இப்ப வாயத் தொறக்காதேங்கா. நான் கீழ போய் ஒரு வார்த்தை சொன்னா ஜெரோமுக்குக் கவுண்டிச் சட்டை போச்சு, திருட்டுத்தனமா ஆடவிட்டான்னு, இப்ப கிளப்பு பெரிய டீமையும் பாத்துக்கிடுத டோனலுக்கு மானம் போச்சு, நாங்க மறுபடியும் எங்கேருந்தோ வந்தவங்க. சொல்லாட்டா?

சொல்லாட்டா என்னன்னு எனக்குத் தெரியும், அதுதான் கொல்லுது. எனக்க அண்ணன் பெனடிக். மீசை அப்பதான் கருத்த பய, பங்கு டீமுக்க நீலச் சட்டையில வெறுங்காலோட ஆடுத சென்டர் பார்வர்டு, திருநாள் கப்பு ஃபைனல்ல உயர வந்த பந்துக்குச் சாடி எதிர்ப் பங்குக்காரன் தலையோட இடிச்சுக்கிட்டான். விழுந்தான், எழும்பினான், கொஞ்ச நேரம் கழிச்சு கோலும் போட்டான், கடப்புறமே ஆடிச்சு. வீட்டுக்கு வந்து தலைவலிக்குன்னான், காப்பி கேட்டான், குடிச்சான், பாயைப் போட்டுப் படுத்தான். "பிள்ள தளந்து போச்சு, ஒறங்கட்டும்"னு அம்மை சொன்னா. அவ்வளவுதான் சொன்னா, எந்தத் தாயும் சொல்லுததுதான். ரேடியோவை நிறுத்தினாங்க, கதவைச் சாத்தினாங்க, அப்பா வெளிய போய் நின்னு பீடி குடிச்சாரு, நான் சின்னப்புள்ள, கொலுசைக் கழத்தி வச்சுட்டு அவனுக்க காலடியில பூனை மாதிரி நடந்தேன், பாரு நான் எம்புட்டு மெதுவா நடக்கேன்னு எனக்கே ஒரு பெருமை. குறட்டை விட்டான், என்னைக்கும் விடாத குறட்டை, அதைக் கேட்டு அம்மை சிரிச்சா. டீம் பயலுவ கப்பைத் தூக்கிட்டு மேளத்தோட வந்தானுவ, வாசலுக்கு வந்ததும் அம்மை ஓடிப்போய் வாயில வெரலை வச்சு, "மேளத்தை நிறுத்துங்கல, அவன் ஒறங்குதான்"னா. நிறுத்திட்டானுவ. கப்பை வாசப்படியில வச்சுட்டு ஒத்த சத்தம் இல்லாம நடந்து போனானுவ. விடிஞ்சு அம்மை காப்பியோட போய்த் தொட்டுப் பாத்தா. அந்த மேளம் அடிச்சிருந்தா அவன் முழிச்சிருப்பானோ, முழிச்சிருக்க மாட்டான், மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, மேளத்துக்கு அது நிக்குமா, நர்சு படிச்ச நாள்லேருந்து எனக்கு இது தெரியும், தெரிஞ்சும் என்ன, இன்னைக்கும் எங்கயாவது ஒரு வீடு ரொம்ப அமைதியா இருந்தா எனக்கு மூச்சு முட்டும், வேணும்னே பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். இப்பக்கூட, இத்தனை ஆயிரம் பேரு கத்துதாங்க, எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு, புல்லுல போட்ட அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்துல நீலச் சட்டை போட்டுக்கிட்டு வெறுங்காலோட ஒருத்தன் நிக்கான். நான் கண்ணைச் சிமிட்டுதேன். லைன்ஸ்மேன், கொடி பிடிக்கிறவன். சரி, கொடி பிடிக்கிறவன்தான். ஆனா கொடிக்காரன் எங்கயாவது வெறுங்காலோட நிப்பானா. பாக்காதே. பதினைஞ்சைப் பாரு, பதினைஞ்சை மட்டும் பாரு.

விசில். யாரோ யாரையோ இழுத்துட்டான், நமக்கு ஃப்ரீ, கோலுக்கு நேரா, ரொம்ப தூரமும் இல்ல. "இது ஜெருக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் போகும்"ங்கா பெக். நடந்து வாறான். பந்தைத் தரையில வைக்கான். குனிஞ்சு ஒரு தடவ கம்பத்தைப் பாப்பான், பந்தைப் பாப்பான், மட்டை நுனியால அதைக் கிளப்பி ஒரே வீச்சு, எத்தனை ஆயிரம் தடவ எங்க பின்வாசல் சொவத்துல அடிச்சு அடிச்சுக் காரையைப் பேத்திருக்கான். இப்ப கம்பத்தைப் பாக்கான், பந்தைப் பாக்கான், மறுபடி கம்பம், மறுபடி பந்து, கூட்டம் முணுமுணுக்குது, மறுபடியும் கம்பம், அடி மக்ளே, அடிச்சுத் தொலை, இல்லேன்னா விழு, ரெண்டுல ஒண்ணு பண்ணு, இப்பிடி நிக்காதே. கிளப்பினான், வீசினான், மட்டை காத்துல போச்சு, பந்து அப்பிடியே காலடியில விழுந்து கெடக்கு. எதிராளி ஒருத்தன் அடிச்சுக்கிட்டுப் போயிட்டான். ஓ-ன்னு ஒரு சத்தம், சிரிப்பு இல்ல, யாருக்கும் சிரிப்பு வரல. நான் ராயப்பன் சட்டையைப் பிடிச்சிட்டேன். "இஞ்ச பாருங்க, அவனுக்குப் பந்து ரெண்டாத் தெரியுது." "வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்ட்டி." "வெயிலா, எங்க இருக்கு வெயிலு, இந்த நாட்டுல என்னைக்கு வெயிலு அடிச்சுச்சு?" "சத்தம் போடாதே, எல்லாரும் பாக்காங்க." "பாக்கட்டும்." "டெல்ஃபின், இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம், நானே சொல்லுதேன் அவன்கிட்ட, இப்ப போய் இழுத்தேன்னா சாகுறவரைக்கும் ஒன்கூடப் பேசமாட்டான் அவன், எனக்க பிள்ளையை எனக்குத் தெரியும்." அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிட்டுது, பாவம், இந்தச் சட்டையில பிள்ளையைப் பாக்க அவரு எத்தனை ராத்திரி வேலை முடிஞ்சு தூங்காம வண்டி ஓட்டிருக்காரு, எனக்குத் தெரியாதா. பேசமாட்டான். சரி. பேசமாட்டான்தான். அவனுக்கு அம்மைக்க கோவம், எனக்க அம்மைக்க கோவம், விழுந்தா எழும்பாது. கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டான், பேரப்பிள்ளையைக் காட்டமாட்டான், நான் வாற வழியைப் பாத்தா வண்டியைத் திருப்பிட்டுப் போவான். போகட்டும். வண்டியைத் திருப்ப ஒரு தலை வேணும்லா, கோவப்பட ஒரு தலை வேணும்லா. "பேசாம இருக்கட்டும், உயிரோட இருந்து பேசாம இருக்கட்டும்"னு சொல்லிட்டு எழும்பிட்டேன். பெக் எனக்க கோட்டைப் பிடிச்சா. அவ கண்ணைப் பாத்தேன், அவளும் என்னைப் பாத்தா, என்னத்தைக் கண்டாளோ, கையை விட்டுட்டா.

படி, படி, படி, முட்டி, மன்னிக்கணும், முட்டி, குழந்தை, ஐஸ்கிரீம், மன்னிக்கணும், ஏ நகரும்வே, இங்கிலீசு வாயிலேருந்து போயே போச்சு, நகந்தாங்க. கீழ கம்பி வேலி, வேலி வாசல்ல மஞ்சக் கோட்டு போட்ட ஒரு கிழவரு, கையை நீட்டி மறிக்காரு. "உள்ள போகக்கூடாது அம்மா." கூடாதுதான், எனக்குத் தெரியாதா, சின்னப் பயலா இருந்தப்பவே எந்தத் தாயும் கோட்டுக்குள்ள காலை வைக்கமாட்டா, வச்சா பையனுக்குக் கேவலம், இவன் கவுண்டி ஆளு, தாடி வச்ச ஆம்பள. "பதினைஞ்சாம் நம்பருக்க அம்மா நான்"ன்னேன். "அதனாலதான் சொல்லுதேன், போய் உக்காருங்க"ங்காரு அன்பாத்தான். "நான் நர்சு. அவனுக்குத் தலையில அடிபட்டிருக்கு. புதன்கிழமை. வாந்தி எடுத்தான். வெளிச்சம் கூசிச்சு. டாக்டரைக் கூப்பிடும், இல்லேன்னா ஒம்ம மேல ஏறிச் சாடுவேன்." கிழவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு, பாத்துட்டு வேலிக்கதவைத் தானே தொறந்து என் முழங்கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, முடியை இறுக்கிக் கட்டினவ, என்னைவிட வேகமாக் கேக்கா, எப்ப, எங்க, மயக்கம் எவ்வளவு நேரம், நான் ஒவ்வொண்ணா சொல்லுதேன், சொல்லச் சொல்லப் பக்கத்துல ஒரு தொப்பி திரும்புது, மேனேஜரு. "புதன்கிழமையா?"ங்காரு. "எங்க?" எங்கன்னு சொன்னா முடிஞ்சு போச்சு எல்லாம். டோனலுக்க மூஞ்சி வருது, சொவத்துல சாய்ச்சு அளந்த கை வருது, பெக் தொடையில தட்டுதா. "எங்க கிளப்புல"ன்னேன். அவரு தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிட்டு மறுபடி போட்டுக்கிட்டாரு, பெஞ்சைப் பாத்து ஒருத்தனை நோக்கி வெரலைச் சொடுக்கினாரு. பலகையில பதினைஞ்சு எரியுது. ஆளை மாத்தப் போறாங்கன்னு புரிஞ்சதும் ஸ்டாண்டு இரையுது, ஏன், ஏன், நல்லாத்தானே இருக்கான். அவன் பலகையைப் பாக்கான், தனக்க சட்டையைக் குனிஞ்சு பாக்கான், திரும்பப் பலகையைப் பாக்கான். நடந்து வாறான். கோட்டுகிட்ட வந்தப்ப என்னைக் கண்டான். இதோ, இனி காலத்துக்கும் இந்தக் கண்ணுதான், ஏசட்டும், துப்பட்டும், வாங்கிக்கிடுதேன். அவன் நேரா டாக்டருக்கு முன்ன வந்து நின்னான். டாக்டர் ஹெல்மெட்டைக் கழத்திட்டு, இது எத்தனாவது பாதின்னு கேட்டா. "முதல் பாதி"ன்னான்.

ஸ்டாண்டுக்கு அடியில ஒரு சின்ன ரூம், கட்டில் ஒண்ணு, பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துக்கிட்டு இருக்குங்காங்க, டாக்டர் போன்ல ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசுதா. தலைக்கு மேல காங்கிரீட்டுல ஆயிரக்கணக்கான கால் சவுட்டுது. ராயப்பன் வாசல்ல வந்து நின்னு உள்ள வரமுடியாம நிக்காரு. நான் அவன் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன், கேள்விக்கெல்லாம் பதிலைத் தயாரா வச்சுக்கிட்டு. "அம்மா"ங்கான். "என்ன மக்ளே." "ஆட்டம் முடிஞ்சாச்சா?" "இல்ல, நடக்குது." "பின்ன நான் ஏன் இங்க இருக்கேன்?" "ஒனக்குத் தலையில அடி, ஆட வேண்டாம்னு எடுத்துட்டாங்க." "யாரு எடுத்தா?" தப்பிக்கலாம், டாக்டர்னு சொல்லலாம், மேனேஜர்னு சொல்லலாம். "நான்தான் மக்ளே. நான்தான் போய்ச் சொன்னேன்." அந்த மூஞ்சி ஒடைஞ்சுது பாருங்க, சின்ன வயசுல கீழ விழுந்தா அழுகை வாறதுக்கு முன்ன ஒரு நிமிசம் வாய் கோணுமே, அது. "ஏம்மா? என்னைத் தூக்கிருவாங்களேம்மா." கையை உருவிக்கிட்டான். சொவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். அழுதான், தோளு குலுங்குச்சு. ராயப்பன் சொன்னதுதான், இனி பேசமாட்டான், சரி, நான் கேட்டு வாங்கினது. கொஞ்சம் கழிச்சு இந்தப் பக்கம் திரும்பினான். கண்ணுல தண்ணி காயல, கோவம் எங்கயோ போச்சு, எனக்க கையை அவனாவே எடுத்துப் பிடிச்சுக்கிட்டான். "அம்மா, ஆட்டம் முடிஞ்சாச்சா?" நான் டாக்டரைப் பாத்தேன். அவ போனைக் காதுல வச்சபடியே, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கன்னு கையைக் காட்டினா. "இல்ல மக்ளே, நடக்குது." "பின்ன நான் ஏன் இங்க இருக்கேன்? யாரு என்னை எடுத்தா?" "நான்தான்." அதே மூஞ்சி அதே மாதிரி ஒடைஞ்சுது. கையை உருவினான், திரும்பினான், அழுதான், திரும்பி வந்தான், கையைப் பிடிச்சான், கேட்டான். "பொய் சொல்லேன்ட்டி, ஜெயிச்சாச்சுன்னு சொல்லேன், பாக்க முடியல"ங்காரு ராயப்பன் வாசல்லேருந்து. நான் சொல்லல. மறுபடி சொன்னேன், மறுபடி என்னை வெறுத்தான், மறுபடி மறந்தான். மேல ஒரு பெரிய இரைச்சல் எழும்பி அடங்குது, யாருக்க கோலோ. ஆம்புலன்ஸ் கதவு தொறக்குத சத்தம் கேக்குது. அவனுக்க கண்ணு லேசாச் சொருகுது, எனக்கு உயிரே இல்ல, கன்னத்துல தட்டுதேன், "மக்ளே, கேளு, என்னமாவது கேளு"ங்கேன், சத்தமாச் சொல்லுதேன், கத்துதேன். அவன் கண்ணைத் தொறந்தான். "அம்மா, என்னை யாரு எடுத்தா?"ன்னான். நான் முதல்லேருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.